ஏழரை டாலர்: டெக்சாஸ் வண்டி பில்லை வரி வரியா படிக்கிறது எப்படி

டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் ஐர்விங்ல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், இங்க வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, பழைய கரோலா ஒண்ணு வாங்கி ஓட்டிட்டு இருக்கான். போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினான். வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் ரின்யூவல் நோட்டீஸ். கீழ ஒரு மெசேஜ்: "அண்ணே, வண்டி வாங்கும்போதே வரி எல்லாம் கட்டியாச்சே, மறுபடி எதுக்குண்ணே இது? அதுல இன்ஸ்பெக்ஷன் ஃபீஸ்னு ஏழரை டாலர் வேற போட்டிருக்கான், இன்ஸ்பெக்ஷனே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

கேள்வி நியாயம்தான். அவனுக்கு ஃபோன்ல அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதறேன், புதுசா டெக்சாஸ் வந்திருக்கறவங்க யாருக்காவது உதவும்.

மொதல்ல நம்ம தலைக்குள்ள இருக்கற ஆர்டிஓ கணக்கைக் கொஞ்சம் ஓரமா வச்சுடணும். தமிழ்நாட்டுல புது வண்டி வாங்கும்போதே லைஃப் டாக்ஸ்னு மொத்தமா ஒரு தொகை கட்டிடுவோம், 2023ல ஏத்தினதுக்கு அப்புறம் கார் விலையைப் பொறுத்து 12 சதவீதத்துல ஆரம்பிச்சு 20 சதவீதம் வரைக்கும் போகுது, ஆனா அதுக்கப்புறம் சொந்த காருக்கு 15 வருஷம் யாரும் வந்து கேக்க மாட்டாங்க. டெக்சாஸ்ல அப்படி இல்ல. வாங்கும்போது 6.25 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ், அது ஒரு தடவையோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன். வேற ஸ்டேட்ல இருந்து வண்டியோட குடி வந்தா சேல்ஸ் டாக்ஸுக்குப் பதிலா 90 டாலர், வந்த 30 நாளுக்குள்ள வண்டியை இங்க பதிஞ்சுடணும், லைசென்ஸ் மாத்த 90 நாள் டைம் உண்டு.

இன்னொரு குழப்பம் ஆபீஸ். நம்ம ஊர்ல லைசென்ஸும் ஆர்சியும் ஒரே ஆர்டிஓ ஆபீஸ்ல. இங்க லைசென்ஸ் டிபிஎஸ்னு ஒரு துறை, ரோட்ல நிறுத்தற ஸ்டேட் ட்ரூப்பர் இருக்கற அதே துறைதான். வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் டிஎம்வி. ஆனா டிஎம்வி வேலையை நேர்ல செஞ்சு குடுக்கறது கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) டேக்ஸ் ஆபீஸ். சில கவுன்ட்டில மளிகைக் கடை கவுன்ட்டர்லயே ஸ்டிக்கர் வாங்கிடலாம். தெரியாம லைசென்ஸ் ஆபீஸ்ல போய் ஒண்ணரை மணி நேரம் உக்காந்து, கூப்பிட்டதும் போய் ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரை நீட்டினவங்கள்ல அடியேனும் ஒருத்தன்.

சரி, பில்லுக்கு வரலாம். மேல இருக்கற பெரிய வரி 50.75 டாலர். இது 6,000 பவுண்டுக்குள்ள இருக்கற கார், சின்ன பிக்கப் எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு, அதுக்கு மேல 10,000 பவுண்டு வரைக்கும் 54, பைக்குக்கு 30. கவனிச்சீங்கன்னா இதுல வண்டி விலையே வரல. நம்ம தம்பியோட அடிபட்ட கரோலாவுக்கும் அவன் டைரக்டரோட புது லெக்சஸுக்கும் அதே 50.75தான். கலிஃபோர்னியால வண்டி மதிப்புல 0.65 சதவீதம்னு ஒரு கட்டணம் இருக்கு, அதுக்கு மேல 2017ல செனட் பில் 1னு ஒரு சட்டம் போட்டு மதிப்பைப் பொறுத்து இன்னொரு ஃபீஸும் ஏத்தினாங்க, அதனால அங்க புது வண்டிக்காரன் நிறைய கட்டுவான், பழைய வண்டிக்காரன் கம்மியா கட்டுவான். டெக்சாஸ் முறை ஈசி, ஆனா சம்பளம் கம்மியா இருக்கறவனுக்குத்தான் கை கடிக்கும். இது என் அபிப்பிராயம், இதைச் சொன்னா எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ரெண்டு நாளைக்குச் சண்டை நடக்கும்.

அடுத்த வரி லோக்கல் ஃபீஸ், உங்க கவுன்ட்டி ரோடு, பாலத்துக்குன்னு போடறது, அதிகபட்சம் 31.50 வரைக்கும் போகலாம். அதுக்கடுத்து ப்ராசஸிங் 4.75, ஆன்லைன்ல கட்டினா அதுல ஒரு டாலர் குறையும்.

இப்ப அந்த ஏழரை. நோட்டீஸ்ல அதோட பேரே விசித்திரமா இருக்கும்: இன்ஸ்பெக்ஷன் ப்ரோக்ராம் ரீப்ளேஸ்மென்ட் ஃபீ. அதாவது இன்ஸ்பெக்ஷனுக்குப் பதிலான கட்டணம். செய்யாத வேலைக்குக் கூலி.

என்ன நடந்துச்சுன்னா, முன்னாடி டெக்சாஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டணும், நம்ம ஊர்ல எஃப்சி காட்டற மாதிரின்னு வச்சுக்கோங்க, ஹார்ன் அடிக்குதா வைப்பர் ஓடுதா பிரேக் லைட் எரியுதா டயர்ல பட்டன் இருக்கான்னு ஒரு ஷெட்ல பாத்து விடுவாங்க. கண்ணாடில இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு ஸ்டிக்கர், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு ஸ்டிக்கர்னு ரெண்டு ஒட்டியிருக்கும், 2015 மார்ச்ல ரெண்டையும் சேத்து ஒரே ஸ்டிக்கர் ஆக்கினாங்க. அந்த செக்கிங்குக்கு ஷெட்காரருக்கு 7 டாலர். ஆனா ஸ்டேட்டுக்குன்னு தனியா ஒரு பங்கு உண்டு, அது ரெஜிஸ்ட்ரேஷன் கட்டும்போது சேந்து வரும், அதுதான் 7.50. ரோடு திட்டங்களுக்கான நிதி, காத்து சுத்தத்துக்கான கணக்கு, பொதுக் கஜானா இது மூணுக்கும் அந்தக் காசு பிரிஞ்சு போகும்.

2023ல சட்டசபைல ஹவுஸ் பில் 3297ன்னு ஒரு மசோதா வந்துச்சு. கொண்டுவந்தவர் கோடி ஹாரிஸ், பேலஸ்டீன்ங்கற ஊர்க்காரர் (ஆமா, டெக்சாஸ்ல அப்படி ஒரு ஊர் இருக்கு, பாரிஸும் இருக்கு). இப்ப வர்ற வண்டி எல்லாம் முன்ன மாதிரி இல்ல, பாதிக்கு மேல ஸ்டேட்ல இந்த இன்ஸ்பெக்ஷனே கிடையாது, ஜனங்களுக்கு எதுக்கு வருஷா வருஷம் இந்த அலைச்சல்னு ஒரு பக்கம். மொட்டை டயரோட, பிரேக் லைட் எரியாம ஓட்டறவனை வேற எங்க பிடிப்பீங்கன்னு இன்ஸ்பெக்ஷன் ஷெட்காரங்களும் போலீஸ் தரப்புல சிலரும் இன்னொரு பக்கம். பில் பாஸ் ஆச்சு, கவர்னர் ஆபட் கையெழுத்துப் போட்டாரு, 2025 ஜனவரி 1ல இருந்து சொந்த உபயோக வண்டிக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷன் இல்ல. லாரி மாதிரி கமர்ஷியல் வண்டிக்கு மட்டும் இன்னும் உண்டு.

ஆனா ஸ்டேட்டோட பங்கை எடுத்தா அந்த மூணு கணக்குலயும் ஓட்டை விழும் இல்லயா. அதனால அதே சட்டத்துக்குள்ளயே, இன்ஸ்பெக்ஷன் போனாலும் அந்த 7.50 மட்டும் வேற பேர்ல இருக்கட்டும்னு எழுதிட்டாங்க. புது வண்டின்னா மொத ரெண்டு வருஷத்துக்கும் சேத்து 16.75. ஆக நமக்கு மிச்சம் ஆனது ஷெட்காரருக்குக் குடுத்த 7 டாலரும் ஒரு மத்தியான நேரமும். ஷெட்காரருக்குப் போனது பொழப்பு. ஸ்டேட்டுக்கு ஒண்ணும் போகல.

"அப்ப ஏழரைச் சனின்னு சொல்லுங்க, போயும் போகாம நிக்குது"ன்னான் தம்பி. சனியாவது ஏழரை வருஷத்துல விட்டுடும்டா.

இதுல நிறைய பேர் தடுக்கி விழற எடம் ஒண்ணு இருக்கு. போனது சேஃப்டி இன்ஸ்பெக்ஷன்தான், புகை டெஸ்ட் போகல. டெக்சாஸ்ல 254 கவுன்ட்டி, அதுல 17ல பெட்ரோல் வண்டிக்கு எமிஷன் டெஸ்ட் இன்னும் கட்டாயம், அந்தப் பதினேழும் எதுன்னு பாத்தா நம்ம ஆளுங்க குடியிருக்கற எடம் பூராவும் அதுலதான் வரும்: டாலஸ், காலின், டென்டன், டாரன்ட், ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், ஆஸ்டின் பக்கம் டிராவிஸ், வில்லியம்சன். வண்டிக்கு 2 வருஷத்துல இருந்து 24 வருஷம் வரைக்கும் வயசுன்னா டெஸ்ட் பண்ணணும், டாலஸ் ஹூஸ்டன் பக்கம் 18.50 வரைக்கும் வாங்குவாங்க. டீசலுக்கும் ஈவிக்கும் (எலக்ட்ரிக் வண்டி) கிடையாது. இன்ஸ்பெக்ஷனே எடுத்துட்டாங்கன்னு நியூஸ்ல பாத்துட்டு நேரா ஆன்லைன்ல காசு கட்டப் போனா, டெஸ்ட் ரிசல்ட் இல்லன்னு சைட் திருப்பி அனுப்பிடும்.

டெஸ்ட்னா பயப்பட ஒண்ணும் இல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழ முழங்கால் இடிக்கற எடத்துல ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், 1996க்கு அப்புறம் வந்த எல்லா கார்லயும் உண்டு, அதுல கேபிளைச் சொருகி வண்டியோட கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுக்குவாங்க, சில நிமிஷம்தான். எங்க மச்சான் ஒரு சனிக்கிழமை காலைல புது பேட்டரி போட்டுட்டு, கையோட டெஸ்டையும் முடிச்சுடலாம்னு போனாரு. செக் இன்ஜின் லைட் இல்ல, வண்டி பூ மாதிரி ஓடுது, ஆனா டெஸ்ட் ரிஜெக்ட். ஏன்னா பேட்டரியைக் கழட்டினதும் வண்டிக் கம்ப்யூட்டர் தன்னோட பழைய கணக்கை எல்லாம் மறந்துடும், மறுபடி நாலஞ்சு நாள் சிட்டிலயும் ஹைவேலயும் ஓட்டினாத்தான் அது தன்னையே சோதிச்சு முடிச்சு ரெடின்னு காட்டும். ஸ்டிக்கர் அந்த வாரக் கடைசில முடியுது, மனுஷன் வேலை வெட்டி இல்லாம டெக்சாஸ் 121ல மெக்கின்னி வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வந்தாரு. பேட்டரி மாத்தறதா இருந்தா டெஸ்டுக்கு அப்புறம் மாத்துங்க.

இனி ஈவி. எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல மூணுல ஒண்ணு டெஸ்லா, அதனால இதைச் சொல்லாம விட்டா விட மாட்டாங்க. 2023ல அதே சட்டசபைக் கூட்டத்துல வந்த இன்னொரு சட்டம் செனட் பில் 505, ராபர்ட் நிக்கல்ஸ்ங்கற செனட்டர் கொண்டுவந்தது. 2023 செப்டம்பர் 1ல இருந்து முழு எலக்ட்ரிக் வண்டிக்கு வருஷம் 200 டாலர் எக்ஸ்ட்ரா, புது வண்டின்னா மொத ரெண்டு வருஷத்துக்கு மொத்தமா 400. ஹைப்ரிட் தப்பிச்சுது.

இது ஏன்னு புரியணும்னா கேஸ் டாக்ஸ் தெரியணும் (இங்க வந்து இத்தனை வருஷம் ஆகியும் பெட்ரோலைக் கேஸ்னு சொல்லும்போது எனக்கு சிலிண்டர்தான் ஞாபகம் வருது). பம்ப்ல நீங்க போடற ஒவ்வொரு கேலனுக்கும் டெக்சாஸுக்கு 20 சென்ட், வாஷிங்டனுக்கு, அதாவது ஃபெடரல் அரசுக்கு, 18.4 சென்ட் போகுது. ரோடு போடறதுக்கு முக்கியமான காசு இதுதான். டெக்சாஸோட 20 சென்ட்ல கால்வாசி ஸ்கூல் நிதிக்குப் போகணும்னு ஸ்டேட் அரசியல் சட்டத்துலயே இருக்கு. இந்த 20 சென்ட் 1991ல வச்சது, அன்னைல இருந்து மாறவே இல்ல, அன்னைக்கு அந்த 20 சென்ட்டுக்கு இருந்த மதிப்புல பாதிகூட இப்ப இல்ல. அதுக்கு மேல வண்டி எல்லாம் முன்னவிடக் கம்மியா குடிக்குது. கடைசில கேஸே போடாத வண்டியும் வந்துடுச்சு, அதே ரோட்லதான் ஓடுது, எடையும் ஜாஸ்தி.

200 நியாயமான்னு ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 12,000 மைல், கேலனுக்கு 25 மைல் குடுக்கற வண்டின்னா 480 கேலன். அதை 20 சென்ட்டால பெருக்கினா 96 டாலர். ஆக கேஸ் வண்டிக்காரன் ஸ்டேட்டுக்குக் குடுக்கறதைப் போல ரெண்டு மடங்கு ஈவிக்காரன்கிட்ட வாங்கறாங்க. ஃபெடரல் 18.4ஐயும் சேத்தா 184 வருது, அப்பப் பாத்தா 200 கிட்டத்தட்ட சரியாத் தெரியுது, ஆனா அந்த ஃபெடரல் பங்கு டெக்சாஸோட காசு இல்லயே. எந்தப் பக்கம் நின்னு கணக்குப் போடறோம்ங்கறதைப் பொறுத்து விடையும் மாறுது. என்னைக் கேட்டா தொகையைவிட எனக்கு உறுத்தறது வேற. வருஷத்துக்கு 4,000 மைல் ஓட்டற ரிட்டயர்ட் ஆளும் 25,000 மைல் ஓட்டற ஊபர் டிரைவரும் ஒரே 200 கட்டறாங்க. கேஸ் டாக்ஸ்ல ஓட்டினதுக்கு ஏத்த மாதிரி தானா வந்த நியாயம் இதுல இல்ல. ஆரகன் ஸ்டேட் 2015லயே மைலுக்கு இவ்வளவுன்னு விருப்பப்பட்டவங்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு, யூட்டா 2020ல ஈவிக்கு அப்படி ஒரு வழி குடுத்துச்சு. ஆனா மைலை எண்ணணும்னா வண்டில எதையாவது மாட்டணும், நான் எங்க போறேன்னு கவர்மென்டுக்குத் தெரியணுமான்னு டெக்சாஸ்காரன்கிட்ட கேட்டுப் பாருங்க.

லைசென்ஸ் கதை இதைவிடச் சின்னது, ஒரு விஷயம் தவிர. இப்ப லைசென்ஸ் 33 டாலர், 8 வருஷம் செல்லும். 2020 ஜூனுக்கு முன்னாடி 6 வருஷத்துக்கு 25 டாலர் இருந்துச்சு, அடிக்கடி வர்ற கூட்டத்தைக் குறைக்கலாம்னு நீட்டினாங்க. விசால இருக்கறவங்களுக்கு மட்டும் லிமிட்டட் டெர்ம்னு ஒரு கார்டு, ஐ-94 (இந்த நாட்டுல எது வரைக்கும் தங்கலாம்னு காட்டற பதிவு) தேதி எப்ப முடியுதோ அன்னைக்கு லைசென்ஸும் முடியும், ஆனா காசு அதே 33தான். ஒண்ணரை வருஷத்துக்கு 33, எக்ஸ்டென்ஷன் வந்ததும் மறுபடி 33, ஒவ்வொரு தடவையும் பேப்பரைத் தூக்கிட்டு நேர்ல போகணும். எச்1பில இருக்கறவங்க விசா எக்ஸ்டென்ஷன் அப்ரூவல் கைக்கு வந்த அன்னைக்கே டிபிஎஸ் அப்பாயின்ட்மென்ட்டையும் போட்டு வச்சுடுங்க.

அந்த ஒரு விஷயம்னு சொன்னேன்ல, அது டிரைவர் ரெஸ்பான்சிபிலிட்டி ப்ரோக்ராம்னு 2003ல வந்த சட்டம். டிராஃபிக் தப்புக்குக் கோர்ட்ல ஃபைன் கட்டினது போக, ஸ்டேட்டுக்குத் தனியா மூணு வருஷம் சர்சார்ஜ்னு ஒரு கூடுதல் கட்டணம். இன்ஷூரன்ஸ் இல்லாம மாட்டினா வருஷம் 250, மூணு வருஷத்துக்கு 750. கட்டலன்னா லைசென்ஸ் சஸ்பெண்ட். லைசென்ஸ் இல்லாம வேலைக்கு எப்படிப் போறது, இங்க பஸ் எங்க இருக்கு, அதனால அப்படியே ஓட்டுவாங்க, மறுபடி மாட்டுவாங்க, அதுக்கு இன்னொரு சர்சார்ஜ். இப்படிப் பத்து லட்சம் பேருக்கு மேல லைசென்ஸ் இழந்து நின்னாங்க. தப்புன்னு ரெண்டு கட்சிக்கும் தெரிஞ்சும் பல வருஷம் எடுக்க முடியல, ஏன்னா அந்தக் காசுல பாதி விபத்து சிகிச்சை பண்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ட்டு இருந்துச்சு. கடைசில 2019ல ஹவுஸ் பில் 2048 போட்டு எடுத்தாங்க. எடுக்கும்போது என்ன பண்ணினாங்கன்னு இந்நேரம் நீங்களே சொல்லிடுவீங்க: ஆஸ்பத்திரிக்குப் போற காசுக்காக டிராஃபிக் ஃபைன்ல ஸ்டேட் பங்கை 30 டாலர்ல இருந்து 50 டாலர் ஆக்கினாங்க, எல்லாரோட கார் இன்ஷூரன்ஸ்லயும் வருஷத்துக்கு 2 டாலரா இருந்த ஒரு ஃபீஸை 4 ஆக்கினாங்க. உங்க இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்க, அந்த ஃபீஸ் ஒரு மூலைல இருக்கும். இதை நான் குறையா சொல்லல. லைசென்ஸ் போன பத்து லட்சம் பேர் சுமந்ததை எல்லாரும் ஆளுக்கு ரெண்டு டாலரா பிரிச்சுக்கிட்டோம், அது தேவலாம். அந்த ஏழரையை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல.

ரியல் ஐடி, அதாவது உள்ளூர் ஃப்ளைட் ஏறக் காட்டற லைசென்ஸ் ஃபெடரல் தரத்துல இருக்கணும்ங்கற விதி, அதைப் பத்தி ரொம்பப் பேர் பயந்தாங்க. 2005ல வந்த ஃபெடரல் சட்டம், தள்ளித் தள்ளி 2025 மே 7லதான் ஏர்போர்ட்ல அமல் ஆச்சு. லைசென்ஸ்ல மேல் மூலைல தங்கக் கலர் வட்டத்துல நட்சத்திரம் இருந்தா முடிஞ்சுது, டெக்சாஸ் 2016 அக்டோபர்ல இருந்தே நட்சத்திரம் போட்டுத்தான் குடுக்குது. இல்லன்னா இந்தியன் பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு உள்ளூர் ஃப்ளைட் ஏறலாம்.

இன்னொரு மாத்தம் பேப்பர் நம்பர் பிளேட். புது வண்டி வாங்கினா ரெண்டு மாசம் பின்னாடி ஒரு காகிதம் படபடன்னு ஆடிட்டு இருக்கும்ல, அதைக் கள்ளத்தனமா அடிச்சு வித்தே பெரிய வியாபாரம் நடந்துச்சு, டெக்சாஸ் பேப்பர் டேக் மத்த ஸ்டேட்லகூடப் பேர் வாங்கிடுச்சு. ஹவுஸ் பில் 718 போட்டு 2025 ஜூலை 1ல இருந்து நிறுத்திட்டாங்க, இப்ப டீலர்கிட்ட இருந்து வெளிய வரும்போதே தகர பிளேட்டு.

இந்தச் சட்டத்துல பாதி 2023ல பாஸ் ஆகி 2025ல அமலுக்கு வந்திருக்கறதைக் கவனிச்சிருப்பீங்க. டெக்சாஸ் சட்டசபை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒற்றைப்படை வருஷத்துலதான் கூடும், அதுவும் 140 நாள். அதனால உங்க பில்லுல எதாவது மாறப் போகுதான்னு பாக்கணும்னா ஒற்றைப்படை வருஷம் ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் நியூஸ் பாத்தாப் போதும்.

தம்பி அன்னைக்கு ராத்திரியே கட்டிடறேன்னான். "டெஸ்ட் பண்ணினியாடா?"ன்னேன். பண்ணலயாம். மறுநாள் ஆபீஸ் முடிச்சுப் போய்ப் பண்ணிட்டு வந்து, ஆன்லைன்ல கட்டி, ஒரு டாலர் மிச்சம் பிடிச்சதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். ஸ்டிக்கர் தபால்ல வர்ற வரைக்கும் அந்த ரசீதைப் பிரின்ட் எடுத்து வண்டில வச்சுக்கச் சொன்னேன், 31 நாள் அது செல்லும். ஸ்டிக்கர் வந்ததும் கவரைப் பிரிச்சு ஒட்டிடு, டிராயர்ல போட்டு வைக்காதேன்னும் சொன்னேன். நான் ஒரு தடவை அப்படிப் போட்டு வச்சுட்டு, முடிஞ்ச ஸ்டிக்கரோட மூணு வாரம் ஓட்டி, ஸ்கூல் ஜோன்ல போலீஸ்காரர் நிறுத்தி, காசு கட்டின ஆதாரத்தை ஃபோன்ல தேடு தேடுன்னு தேடி, பின் சீட்ல என் பொண்ணு "அப்பா, நம்மளைப் பிடிச்சுட்டுப் போய்டுவாங்களா"ன்னு கேட்டுட்டு இருந்தா. ஸ்டிக்கர் தேதி முடிஞ்சதுக்கு அப்புறம் அஞ்சு வேலை நாள்தான் கணக்கு, அதுக்கு மேல போனா 200 டாலர் வரைக்கும் ஃபைன் போடலாம்.

பழைய ஸ்டிக்கரைக் கண்ணாடில இருந்து எடுக்கறதுக்கு மட்டும் சட்டசபைல யாரும் வழி பண்ணல. டெக்சாஸ் வெயில்ல ஒரு வருஷம் காஞ்சது, நகத்தால வராது. வண்டியைக் கொஞ்ச நேரம் வெயில்ல நிறுத்தி கண்ணாடி சூடானதும் பழைய கிஃப்ட் கார்டு ஒண்ணை வச்சு ஓரத்துல இருந்து மெதுவா நெம்புங்க.